மூக்கண்டப்பள்ளியில் இருந்த இருபத்தேழாம் புத்தகம்

அந்த ஆயுத பூஜை காலையில் படிப்பகத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

ரைஸ் மில்காரர். அறை அவருடையது. படிப்பகத்துக்குத் தலைவர்.

ரிட்டயரான சர்வேயர். காரியதரிசி. எதையும் இரண்டு தடவை அளக்கிறவர்.

பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பாதிரியார். தமிழர்தான். கையில் தோல் பை, குடை.

நான். புத்தகம் எடுத்துக் கொடுக்கிற ஆள்.

நாலு பேரும் ஒரு கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றோம். அலமாரி முழுக்க ஒரே ஆள் எழுதிய புத்தகங்கள். இங்கிலீஷ்காரர். கதையும் எழுதினார், நாடகமும் எழுதினார். அவர் பேர் என் வாயில் வராது. எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் தமிழ்.

அந்தப் புத்தகங்கள் ஓசூருக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மத்திகிரிப் பக்கம் ஒரு குதிரை டாக்டர் துரை இருந்தார். வெள்ளைக்காரர்கள் எல்லாம் கப்பல் ஏறின பிறகும் இங்கேயே இருந்தார். இங்கேயே இறந்தார். அவர் சம்சாரத்தை நாங்கள் துரைசாணி என்போம். நாலைந்து வருஷம் தனியாக இருந்துவிட்டு அந்தம்மாவும் சீமைக்குப் புறப்பட்டார். நாற்காலி, கட்டில், பீங்கான் எல்லாம் ஏலம் போயிற்று. இந்தப் புத்தகங்களை மட்டும் ஏலத்தில் விடவில்லை. அந்த ஆள் எழுத எழுத, அந்தம்மா கல்யாணமான வருஷத்திலிருந்து கப்பலில் வரவழைத்து வாங்கினது. ஒன்று விடாமல் வைத்திருந்தார்.

அலமாரியோடு படிப்பகத்துக்குக் கொடுத்தார். கூடவே ஒரு கடிதம். புத்தகங்களைப் பிரிக்கக் கூடாது. வீட்டுக்குக் கொடுக்கலாம், பதினைந்து நாளில் திரும்ப வர வேண்டும். ஒரு வருஷம் கழித்துத் தனக்குத் தெரிந்த பாதிரியார் வந்து பார்ப்பார். ஒன்று குறைந்திருந்தாலும் எல்லாவற்றையும் பெங்களூருக்கு எடுத்துப் போவார். அங்கே ஒரு கல்லூரி கேட்டுக்கொண்டிருக்கிறது. சர்வேயர் இதைப் படித்துத் தமிழில் சொன்னார்.

மில்காரர் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னது இது.

"யோவ், துரைசாணி பொஸ்தகம் இருக்கிற வரைக்கும்தான் இது படிப்பகம். கலெக்டர் வந்தா காட்டுறதுக்கு ஆச்சு. அது போச்சுன்னா ரூம்பு எனக்கு வேணும். தவுட்டு மூட்டை போட எடமில்லாம வெளியில நனையுது."

ரூம் போனால் என் வேலையும் போகும். எனக்கு இடது கால் வராது. முன்னே சர்வேயரிடம் நிலம் அளக்கிற சங்கிலி இழுக்கிற வேலை பார்த்தேன். பாகலூர்ப் பக்கம் ஒரு கிணற்று மேட்டில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். கிணறு இருந்தது, விழுந்தேன். கால் ஒட்டினது கோணலாக ஒட்டிற்று. காடு கழனிக்கு இனி ஆக மாட்டேன். வீட்டில் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். சர்வேயர்தான் மில்காரரிடம் சொல்லி இந்த நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கு இந்த ஊரில் இது ஒன்றுதான்.

அதனால் புத்தகங்களை நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக வந்த புத்தகத்தில், பேர் போட்டிருக்கிற தாளுக்கு முந்தின தாளில், அந்த ஆள் அதுவரை எழுதின எல்லாம் வரிசையாக அச்சடித்திருந்தது. எது முதலில் வந்தது, எது பிறகு என்று. சர்வேயர் அதைக் காட்டி, "இதுதான் நமக்கு எல்லைக்கல்லு, இதை எழுதி வெச்சிக்கோ" என்றார். எழுத எனக்குத் தெரியாது. வரைந்தேன். வேட்டி வருகிற அட்டை டப்பாவைப் பிரித்து, பென்சிலால் எழுத்தெழுத்தாகப் பார்த்து வரைந்தேன். நாலு நாள் ஆயிற்று. முப்பத்து நாலு வரி. கதை பத்தொன்பது, நாடகம் பன்னிரண்டு, சின்னக் கதைகள் மூன்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் போட்டேன். அதே நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்தின் முதுகில் ஒட்டினேன். நம்பர் எனக்கு நன்றாக வரும். சங்கிலி இழுத்தவன்.

ஓசூரில் இங்கிலீஷ் படிக்கிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். தாலுகா ஆபீசில், கோர்ட்டில், மிஷன் பள்ளிக்கூடத்தில். வருவார்கள். அலமாரியைப் பார்ப்பார்கள். "அடேயப்பா" என்பார்கள். பிறகு தினசரிப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் ஒன்றை எடுத்துப் போவார்கள். பாதியில் திரும்பக் கொண்டுவருவார்கள்.

விடாமல் எடுத்தது ஒரே வீடு. மூக்கண்டப்பள்ளியில் ஒரு விவசாய வீட்டு மருமகள். இப்போது அங்கே கம்பெனியும் லைன் வீடும் ஷிப்டுக்குப் போகிற ஆட்களும்தான். அன்றைக்கு எல்லாம் கேழ்வரகுக் கொல்லை. அந்தப் பெண் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்க ஆபீசில் வேலை. கான்வென்டில் படித்த பெண். வீட்டுக்காரன் இங்கிருந்து பெங்களூருக்கு லாரியில் முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஏற்றிப் போகிறவன்.

முதல் தடவை புருஷனோடு வந்தது. அட்டையைப் பார்த்தது.

"யாருண்ணா இதை எழுதினது?"

"நான்தாம்மா. ஏன், தப்பா?"

"தப்பு இல்லண்ணா. ஒரு எழுத்து மட்டும் தலைகீழா நிக்குது."

"நிக்கட்டும்மா."

சிரித்தது. அட்டையைப் பார்த்து வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டது. ஒன்றாம் நம்பரை வாங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அது வரவில்லை. புருஷன் லாரி திரும்பி வருகிறபோது பழசைக் கொடுத்து, ஒரு சீட்டை நீட்டுவான். சீட்டில் நம்பர் மட்டும் இருக்கும். 2. பிறகு 3. இடையில் தாண்டவே இல்லை. எப்போதாவது நம்பருக்குக் கீழே தமிழில் ஒரு வரி இருக்கும். "இதில் ஒரு மனிதன் பன்னிரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வருகிறான், நாய்க்கு மட்டும் அவனைப் பிடிக்கவில்லை." "இந்த நாடகத்தில் எல்லோரும் ஒரு குடைக்காகச் சண்டை போடுகிறார்கள். நன்றாக இருக்கிறது." அப்படி. நான் படிக்காத புத்தகங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தச் சீட்டுகளில் இருந்ததுதான்.

ஒரு வருஷம் ஆயிற்று. இருபத்தாறு போய் இருபத்தாறும் திரும்பி வந்தன. இருபத்தேழு போயிருந்தது.

பாதிரியார் தசரா லீவில் வருவதாக மில்காரருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். மில்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை வெளுக்கப் போயிற்று. எங்களுக்குத் தெரியாது.

ஆக, அன்று காலை நான் அறையைக் கழுவி, மாவிலை கட்டி, பொரி கடலை வாங்கி வைத்துவிட்டு, மற்ற புத்தகங்களைப் பூஜைக்கு அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாதிரியார் வந்து நிற்கிறார்.

"இன்னைக்குப் பூஜைங்களே ஐயா" என்றார் சர்வேயர்.

"எங்களுக்கு லீவு இப்பத்தான். நாளான்னைக்கு ஞாயிறு, ஆராதனை இருக்கு. மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். பூஜை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணிடலாமே."

எண்ணினார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து, மூடி, பென்சிலால் புள்ளி வைத்தார். சர்வேயர் பின்னாலேயே இரண்டாம் தடவை எண்ணினார். முப்பத்து மூன்று.

"இருபத்தேழு?"

"மூக்கண்டப்பள்ளியில இருக்குதுங்க. கெடு இன்னும் மூணு நாள் இருக்குது."

நோட்டைக் காட்டினேன். பார்த்தார். "கெடு சரிதான். ஆனா நான் வர்ற அன்னைக்கு எல்லாம் இருக்கணும்னு அம்மா எழுதியிருக்காங்க. நான் கண்ணால பாக்காததை இருக்குன்னு எழுத மாட்டேன்."

"அப்போ இல்லைன்னு எழுதுவீங்களா?" என்றார் மில்காரர்.

"முப்பத்து மூணு இருக்குன்னு எழுதுவேன்."

மில்காரர் அறையின் நாலு மூலையையும் ஒரு பார்வை பார்த்தார். அது மூட்டையை அடுக்கிப் பார்க்கிற பார்வை.

"போய்க் கொண்டாந்துடறேங்க" என்றேன்.

அன்றைக்குச் சக்கரம் வைத்த எதுவும் நகராது. ஜட்காக்காரன் குதிரைக்குச் சாமந்தி மாலை போட்டுக் கட்டி வைத்திருந்தான். சைக்கிள் கடையில் சைக்கிள்களுக்கெல்லாம் பொட்டு. "பூஜை ஆவாம பெடலை மிதிக்க உடமாட்டேன், அண்ணே" என்றான். மில்காரர் வண்டி மாடு கொம்புக்கு வர்ணம் காய்ந்துகொண்டிருந்தது. நடந்தேன். நல்ல காலுக்கு முக்கால் மணி. எனக்கு ஒன்றேகால் மணி.

அந்த வீட்டில் மாமியார்தான் வாசலில் இருந்தார். ஐம்பது வயசிருக்கும். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் தமிழ்.

"வாப்பா, பொஸ்தகத்துக்காரா. நல்ல நேரத்துக்கு வந்த. கால் கழுவிட்டு உக்காரு. சுண்டல் தரேன்."

"அக்கா, பொஸ்தகத்தைக் குடுங்க. அவசரம்."

"பொஸ்தகமா?" அவர் உள்ளே கை காட்டினார்.

கூடத்தில் மணைப் பலகை. அதன் மேல் கலப்பைக் கொழு, மண்வெட்டி, அரிவாள் நாலு, கடப்பாரை, லாரி ஸ்பானர். எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு மஞ்சள் துணி மேல், இருபத்தேழாம் நம்பர். முதுகு முழுக்கச் சந்தனம். அதன் மேல் மூன்று குங்குமப் பொட்டு. சாமந்தி மாலை.

"எங்க வூட்ல இதுவரைக்கும் ஆயுதந்தான் வெச்சிருக்கோம். சரஸ்வதிக்கு வெக்க ஒண்ணு கெடையாது. பஞ்சாங்கம் வெப்பேன், அது இத்தினிக்காண்டு. இந்த வருசம் பாரு, எவ்ளோ லட்சணமா இருக்குது. அட்டை கெட்டி. ஓரத்துல தங்கம்."

மருமகள் அடுப்படி வாசலில் வந்து நின்றது. வயிறு ஏழு மாசம் இருக்கும். எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததும் அதற்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பாதிரியார் வந்துட்டாரா அண்ணா?"

"வந்துட்டாரும்மா. எண்ணிட்டார். இது ஒண்ணுதான் கொறையுது."

"நாளைக்குத் தரேன்" என்றார் மாமியார். "காலைல மறுபூஜை போட்டு, பால் பழம் வெச்சு, அப்பறம்தான் எடுக்கணும். பூஜையில வெச்சதை இன்னைக்குத் தொடலாமா? நீ எந்த ஊருப்பா?"

"தெரியுங்க. ஆனா அவரு மூணு மணி பஸ்ஸுக்குப் போறாரு."

"அப்போ நீயே எடுத்துக்கோ. பொறுப்பு உன்னுது."

நான் எடுக்கவில்லை. என்னால் முடியாது. எங்கள் வீட்டில் அன்று காலையில்தான் என் பெண்களுடைய சிலேட்டைப் பூஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர்கள் தொட்டிருந்தால் நானே அடித்திருப்பேன்.

"நான் எடுத்துத் தரேன் அண்ணா" என்றது மருமகள். ஓர் அடி எடுத்து வைத்தது.

"வேணாம்மா."

வீட்டில் வருஷத்துக்குள் ஒரு எருமை செத்தால்கூட அந்தப் பெண் மேல் வரும். வயிற்றில் பிள்ளை வேறு. என் நாற்காலிக்காக அது வேண்டாம்.

நான் படியில் உட்கார்ந்தேன். கால் வலித்தது. மாமியார் தண்ணீர் கொடுத்தார். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்பா, அந்தப் பாதிரி இதை வெச்சி என்னா பண்ணப் போறாரு? படிக்கவா?"

"இல்லீங்க. எண்ண."

"எண்ணவா! எண்றதுக்கா இதைத் தூக்கணும்? ஆட்டை எண்ணணும்னா நாம பட்டிக்குப் போறோமா, பட்டியைத் தூக்கியாந்து எண்றவன் வூட்ல வெக்கறோமா? அவரை இங்க வந்து எண்ணச் சொல்லு. ஒண்ணுதானே. ஒரு வெரலு போதும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. எழுந்தேன்.

படிப்பகத்துக்குத் திரும்பியபோது மணி பதினொன்றே முக்கால். பூஜை முடிந்து மில்காரர் மில்லுக்குப் போய்விட்டார். சர்வேயர் பொரி தின்றுகொண்டிருந்தார். பாதிரியார் வெளியில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் சொன்னதைச் சொன்னேன். ஆட்டுப்பட்டியையும் சேர்த்துச் சொன்னேன்.

பாதிரியார் சிரிக்கவில்லை. "பூஜை பண்ற இடத்துக்கா?" என்றார்.

"வாசல்ல நின்னா போதுங்க."

"எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மைல், மூணு பர்லாங்" என்றார் சர்வேயர், பொரியை விழுங்காமலே.

"வண்டி?"

"இன்னைக்கு இல்லீங்க."

அவர் என் காலைப் பார்த்தார். "நீ மறுபடி நடப்பியா?"

"நடக்கணுங்களே."

பையையும் குடையையும் எடுத்துக்கொண்டார். அட்டையையும் எடுத்துக்கொண்டார். சர்வேயர் அலமாரிக்குக் காவல் இருந்தார்.

போகிற வழியில் பாதிரியார் இரண்டு கேள்விதான் கேட்டார். எத்தனை பிள்ளைகள் என்று ஒன்று. அந்த வீட்டில் இங்கிலீஷ் யார் படிக்கிறார்கள் என்று ஒன்று. இரண்டுக்கும் பதில் சொன்னேன். எனக்காக மெதுவாக நடந்தார்.

மாமியார் வாசலில் கோலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை போட்டிருந்தார். "வாங்க சாமி. இங்கிருந்து நல்லாத் தெரியும்."

பாதிரியார் நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பச்சையா ஒரு மூலை தெரியுது. மத்ததெல்லாம் சந்தனம். பேர் தெரியலையே. எந்தப் புத்தகம்னு எப்படி எழுதறது?"

"எங்க வூட்ல வேற பொஸ்தகம் ஏது சாமி?"

"அந்தச் சந்தனத்தை மட்டும் கொஞ்சம் துடைச்சா..."

"சாமி, உங்க கோயில்ல பூஜை நடக்கறப்போ நான் வந்து, உங்க வேதப் பொஸ்தகத்தைத் தொடைச்சிக் காட்டுன்னா காட்டுவீங்களா?"

பாதிரியார் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "காட்ட மாட்டேன்" என்றார்.

பிறகு மருமகளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அது இங்கிலீஷில் பதில் சொன்னது. தணிந்த குரல்தான். ஆனால் தடங்கல் இல்லாமல் வந்தது. மாமியாருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மூன்று வருஷமாக அதே வீட்டில் இருக்கிற பெண். இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

"என்னா சொல்றாரு?"

"இந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னு கேட்டாரு அத்தே. சொன்னேன். இதுக்கு முன்னாடி வந்தது எது, அதுக்கும் முன்னாடி எதுன்னு கேக்கறாரு. மொதல்ல இருந்தே சொல்லவான்னு கேட்டேன்."

"சொல்லு" என்றார் பாதிரியார். அட்டையை விரித்தார். பென்சிலை எடுத்தார்.

அந்தப் பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பூஜையைப் பார்த்தபடி நின்று, ஆரம்பித்தது. அந்த ஆள் எழுதின புத்தகங்களின் பேர்கள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு பேராக, நிறுத்தி நிறுத்தி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதிரியார் பென்சில் அட்டையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

நாலாவது பேருக்கோ ஐந்தாவது பேருக்கோ மாமியார் உள்ளே மணைப் பலகை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பூக்கூடையை மடியில் வைத்தார். மருமகள் அடுத்த பேரைச் சொன்னதும் ஒரு சாமந்தியை எடுத்துப் புத்தகத்தின் மேல் போட்டார். அடுத்த பேர். அடுத்த பூ.

அர்ச்சனை என்று நினைத்துவிட்டார். பூஜைக்கு முன்னால் நின்று, புரியாத பாஷையில், பேர் மேல் பேராகச் சொன்னால் அது வேறு என்ன?

மருமகள் பார்த்தது. குரல் ஒரு நிமிஷம் ஆடியது. சிரிப்பை அடக்குகிறதென்று எனக்குத் தெரிந்தது. பாதிரியாரும் பார்த்தார். பென்சில் நின்றது. அவர் ஏதாவது சொல்லிவிட்டால் காரியம் கெட்டுவிடும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்து, அடுத்த புள்ளியை வைத்தார்.

இருபத்தேழு வந்தபோது பாதிரியார் தலையாட்டினார். "போதும்மா, போதும்" என்றார்.

"பாதியில நிறுத்தக் கூடாது சாமி" என்றார் மாமியார். "நீ சொல்லுடி."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. அங்கே நின்றுவிட்டது. அந்தப் புத்தகங்களை அது இன்னும் படிக்கவில்லை. அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனதுதான். உதட்டைக் கடித்தது. பாதிரியார் அட்டையைப் பார்த்தபடி இருந்தார். உதவி செய்யவில்லை.

"சொல்லுடி. பூவைக் கையில வெச்சிக்கிட்டு இருக்கேன்."

"இரு அத்தே." என் பக்கம் திரும்பிற்று. "அண்ணா, முப்பத்தொண்ணு என்ன கலரு?"

"செவப்பும்மா. மெல்லிசு. நாடகம். ஓரத்துல எலி கடிச்சது."

"எலி எப்போ கடிச்சுது?" என்றார் பாதிரியார்.

"துரைசாணி வூட்டு எலிங்க. அங்கயே கடிச்சுதான் வந்துது."

"ஆ!" என்றது அந்தப் பெண். முதல் தடவை வந்தபோது அலமாரியில் அதைப் பார்த்திருந்தது. பேரைச் சொல்லிவிட்டது. மாமியார் பூவைப் போட்டார். பிறகு மூன்றும் மடமடவென்று வந்தன.

மாமியார் எழுந்து கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருமகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"அடுப்படிச் சுவத்துல கரியால எழுதி வெச்சிருந்தியே, அது இதானா? நான் பால் கணக்குன்னு நெனச்சேன். வெள்ளையடிச்சு அழிச்சிருப்பேன்."

பாதிரியாருக்குத் தட்டில் பொரியும் சுண்டலும் நீட்டினார். அவர் கையைக் கூப்பினார். "வேண்டாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்போ மோரு குடிங்க. மோரு சாமிக்கு வெக்கல."

குடித்தார். இரண்டு சொம்பு. வாசல் பலகையில் உட்கார்ந்து, பையிலிருந்து காகிதம் எடுத்து, தொடை மேல் அட்டையை வைத்து எழுதினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். ஒரு எண்ணை எழுத எதற்கு அவ்வளவு என்று எனக்குப் பட்டது.

திரும்பும்போது கேட்டேன். "என்னாங்க எழுதினீங்க?"

"பார்த்ததை" என்றார். மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் லாரிக்காரன் இருபத்தேழைக் கொண்டுவந்து கொடுத்தான். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. துணியால் தட்டினேன், போனது போயிற்று. குங்குமம் போகவில்லை. சீட்டில் 28 என்று இருந்தது.

இனி துரைசாணியின் பதில் வர வேண்டும். அதுவரை புத்தகம் இருக்குமா போகுமா தெரியாது. ஒரு மாசம் ஆயிற்று. மில்காரர் இரண்டு மூட்டைத் தவிட்டைக் கொண்டுவந்து அறை மூலையில் போட்டார். "சும்மா வெச்சிருக்கேன்" என்றார். மார்கழியில் நாலு மூட்டையாயிற்று. படிக்க வருகிறவர்கள் தும்மினார்கள். நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பெண்டாட்டி கேழ்வரகு அறுப்புக்குக் கூலிக்குப் போக ஆரம்பித்தாள். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

பொங்கல் கழிந்து கடிதம் வந்தது. சர்வேயர் மில்காரரை அழைத்து வரச் சொன்னார். மூன்று பேரும் இருக்கும்போது படித்தார். முதலில் தனக்குள் ஒரு தடவை, பிறகு எங்களுக்கு ஒரு தடவை.

பாதிரியார் எழுதினதை அந்தம்மா படித்துவிட்டார். அலமாரியில் எத்தனை, மூக்கண்டப்பள்ளியில் எத்தனை என்று அவர் தனித்தனியாக எழுதியிருக்கிறார். பூ போட்டதையும் எழுதியிருக்கிறார். புத்தகங்கள் ஓசூரிலேயே இருக்கட்டும். இனி யாரும் வந்து எண்ண வேண்டாம். ஒன்று மட்டும் செய்ய வேண்டும். ஒவ்வொரு தசராவுக்கும் தனக்கு ஒரு கார்டு போட வேண்டும். அந்தப் புத்தகங்களை முதலிலிருந்து கடைசி வரை எல்லாம் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்று. வேறு சேதி வேண்டாம். அலமாரியைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு எண் நன்றாக வரும் என்று பாதிரியார் சொல்லியிருக்கிறார். அந்த ஆளே எழுதட்டும்.

மில்காரர் மூலையைப் பார்த்தார். "தவுட்டை எடுக்கச் சொல்றேன்" என்றார். சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போனான்.

அந்தப் பெண் பிரசவத்துக்குத் தங்கவயலுக்குப் போயிருந்தது. ஆண் குழந்தை. சித்திரையில் திரும்பி வந்தது. மறுபடி சீட்டு வந்தது. குழந்தை இருந்ததால் பதினைந்து நாள் போதவில்லை. கெடுவை நான் பார்க்கவில்லை. முப்பத்து நாலு, ஆவணி கடைசியில் திரும்ப வந்தது. அந்தத் தடவை சீட்டில் நம்பர் இல்லை. "அண்ணா, இனி மறுபடி ஒன்று" என்று எழுதியிருந்தது. ஒன்றாம் நம்பரைக் கொடுத்தனுப்பினேன்.

தசரா வந்தது. சர்வேயர் வெளிநாட்டுக் கார்டு ஒன்று வாங்கி, விலாசம் எழுதி, என் மேஜை மேல் வைத்தார். மில்காரர் வந்து நின்றார்.

"என்னாய்யா போடப் போற?"

"நோட்டைப் பாக்கணுங்க."

"நோட்டு என்னா நோட்டு. நூறுன்னு போடு. சீமையில இருந்து யாரு வந்து பாக்கப் போறா? ஊருக்கு ஒரு கவுரவம் வேணாமா?"

"அதுக்குள்ள நூறு பேரு எப்படிங்க படிப்பாங்க?"

"சரி, அம்பது போடு."

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ரெண்டு படிச்சேன்" என்றார். "மூணாவதுல தூங்கிட்டேன். என்னைச் சேக்காதே."

நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். கையெழுத்துப் போட்டு எடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஒரு புத்தகம் எடுத்தவர்கள், இரண்டு எடுத்தவர்கள், எடுத்து மறுநாளே கொடுத்தவர்கள். தாலுகா ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா ஏழு வரை போயிருந்தார், மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு பேராகக் கோடு போட்டுத் தள்ளினேன். சர்வேயர் சொல்லிக் கொடுத்த பழக்கம், கடைசிப் பக்கத்திலிருந்து திரும்ப ஒரு தடவை பார்த்தேன்.

பேனாவைத் தொட்டுக் கார்டில் எழுதினேன்.

1